மஸ்டர் களத்துக்கு வந்த பாலைவனம்

பாலைவனத்தில் மூடுபனி இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குன்னூருக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில், ஃபாக்டரிச் சுவரை ஒட்டி ஒரு பெரிய சாக்குத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பறித்த இலையைப் பரப்பி வாட்டும் மாடியிலிருந்து சாக்குகளைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். எவ்வளவு பூசியும் வாடின இலையின் வாசனை போகவில்லை. அந்தச் சாக்கின்மேல் மணல்மேடுகள் தெரிந்தன. தலையில் துணி சுற்றிய ஒருவன் குதிரைமேல் பாய்ந்து வந்தான். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து, படம் காட்டும் மெஷினுக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டது. குதிரை போன இடம் தெரியவில்லை.

கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். “அந்த ஊர்லயும் நம்மூராட்டத்தான் பனி பெய்யுது பாரு. பாவம், குதிரைக்குக்கூட ஒரு கம்பளி கெடையாது.”

அந்தப் படத்தைப் பற்றி யாராவது அறிவோடு பேசினார்கள் என்றால், அது அந்தப் பெண் ஒருத்திதான்.

இதை இந்த வாரம் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு கடிதம் காரணம். ஈரோட்டிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். பேசும் படம் வருவதற்கு முன்பு ஓடிய பாலைவனக் காதல் படங்களை நான் பார்த்திருப்பேன் என்றும், அந்த மௌனத்தின் அழகை இந்தத் தொடரில் வர்ணிக்க வேண்டும் என்றும் கேட்கிறார். பார்த்திருக்கிறேன் ஐயா. நான்கு படம் பார்த்தேன். நான்கும் ஒரே படம்.

தலையணைக் கூடாரம்

கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வரிக்கு மேல் தேறாது.

ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி ஊர் சுற்றிப் பார்க்கப் பாலைவனத்துக்கு வருவாள். போகாதே என்று பெரியவர் ஒருவர் விரலை ஆட்டுவார். போவாள். குதிரைக்காரத் தலைவன் ஒருவன் அவளை அள்ளிப்போட்டுக்கொண்டு கூடாரத்துக்குப் போவான். இரண்டு ரீல் அழுவாள், மூன்றாவது ரீலில் அவன்மேல் உயிரையே வைத்துவிடுவாள். இவன் பாலைவனத்தான் ஆயிற்றே, சீமாட்டியைத் தொடலாமா என்று பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் அல்லவா? அதற்கும் வழி வைத்திருப்பார்கள். கடைசியில் அவன் ஏதோ பிரபுவின் காணாமல்போன மகன் என்று தெரிய வரும். எல்லாருக்கும் நிம்மதி.

கூடாரத்தைச் சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத அந்த ஊரில், கோயம்புத்தூர்ப் பஞ்சு வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் பார்க்காத அளவுக்குத் தலையணை கிடக்கும். சூறாவளியில் ஒட்டகம் புதைந்து போகும், அம்மாளின் தலைமுடி மட்டும் கலையாது. அந்தத் தலைவனுக்கு வேலை வெட்டி ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு மை இட்டுக்கொண்டு முறைப்பான். அந்த முறைப்புக்குக் குன்னூர் கிளப்பில் துரைசானிகள் கைக்குட்டை நனைத்தார்கள் என்று எங்கள் பங்களா பட்லர் வந்து கதை கதையாகச் சொல்வார்.

விலை விழுந்த வருஷங்கள்

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிய விஷயம். மேல்காட்டுச் செடிகளைப் பறிக்காமலே விட்டுவிட்டதால் அவை மார் அளவுக்கு வளர்ந்து நின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தினமும் விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் ஃபாக்டரிக்கு முன்னால் இருந்த மஸ்டர் களத்தில் கூட வேண்டும். அங்கே ஒரு பெரிய கல். அதன்மேல் ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்து, துரையின் உத்தரவை இவர் வாசிப்பார். இன்று இந்தக் காட்டில் பறிப்பு, இன்னார் வடிகால் வெட்டப் போக வேண்டும், நாளை அம்மை ஊசி. ஊசி என்று வாசித்தால் மறுநாள் ஊசி வந்துவிடும். அந்தக் கல்லில் இருந்து குழல் வழியாக வந்தது எதுவும் நடக்காமல் போனதில்லை. விலை விழுந்த பிறகு வாசிப்பின் கடைசியில் சில பேர்களும் வந்தன. அந்தப் பேருக்கு உரியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டும். யார் பேரை வெட்டுவது என்று துரைக்குச் சொல்பவர், கூலி ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கும் பெரிய மேஸ்திரி.

இந்த நிலைமையில்தான் குன்னூர் கிளப்பில் பேசும் பட மெஷின் வாங்கினார்கள். பழைய ஊமைப்படச் சுருள்கள் குப்பைக்குப் போக இருந்தன. எங்கள் துரைக்கு இரக்க சுபாவம், அதாவது தன் கைக்காசு செலவாகாத இரக்கம். வேலை கொடுக்க முடியவில்லை, படமாவது காட்டுவோம் என்று நினைத்து, ஊட்டியிலிருந்து மெஷின்காரரை வரவழைத்தார்.

படத்தின் நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து அட்டை வரும். அதை ரைட்டர் தமிழில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அந்த வாரம் பார்த்து இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

“நீ படிச்சுச் சொல்லிரு. எனக்குக் காத்துத்தான் வருது” என்றார் கிசுகிசுப்பாக.

கோயம்புத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அட்டை வாசிக்க எனக்கு என்ன பயம்? சனிக்கிழமை சாயங்காலம் இருட்டியதும் அந்தக் கல்லின்மேல் ஏறி, அந்தத் தகரக் குழலை வாயில் வைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டுத் துரை உட்கார்ந்திருந்தார்.

செய்த முட்டாள்தனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மருதாயி

அந்தக் கூட்டத்தில் மருதாயியும் இருந்தாள். கீழ்க்காட்டில் பறிக்கிற பெண். இருபது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பள்ளிக்கூட அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போடுவாள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் விறகை இறக்கிவைத்துவிட்டு, கேட்காமலே தன் கதையைச் சொன்னாள்.

அவளுடைய தாய்மாமன் சென்னியப்பன். அவளைக் கட்டிக்கொள்ளும் உரிமை தனக்குத்தான் என்றவன். இவள் மாட்டேன் என்றாள். ஒருநாள் கிணற்றடியிலிருந்து வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், தோட்டத்துச் சாளைக் குடிசையில் பூட்டி வைத்தான். நாலாம் நாள் தப்பி ஓடி வந்தவள், மலை ஏறுகிற ஆட்களோடு சேர்ந்து நடந்தே எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து பேர் பதிந்துகொண்டாள்.

எஸ்டேட்டுகளில் ஆட்களை இறக்கிவிடுகிறார்கள் என்ற சேதி கீழே எட்டியதும் சென்னியப்பன் மலையேறி வந்துவிட்டான். மேஸ்திரி வீட்டிலேயே தங்கினான். வெட்ட வேண்டிய பேர்களில் ஒன்று சத்தமில்லாமல் குறைகிறதே என்று மேஸ்திரிக்கும் சௌகரியம். ஆனாலும், வரமாட்டேன் என்கிற பெண்ணைத் துரை உத்தரவில்லாமல் அனுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை படத்தில் சீமாட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடாரத்தில் அடைத்தார்கள். ஓர் அட்டை வந்தது. எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல், என் பள்ளிக்கூடக் குரலில் உரக்கச் சொன்னேன்.

“மூன்றாம் நாள் அவள் அழுகை நின்றது. நான்காம் நாள் அவள் கண்ணாடி பார்த்தாள்.”

அதற்குள் ஃபாக்டரி என்ஜினின் பெல்ட் அறுந்து வெளிச்சம் போய்விட்டது. மிச்சப் படம் நாளைக்கு என்று சொல்லி எல்லாரையும் அனுப்பினார்கள்.

ஆர்டர் வெளங்குச்சுங்க

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். பின்னால் சென்னியப்பன், எண்ணெய் தடவி வாரின தலையோடு.

“ஏனுங்க டீச்சரம்மா, ஆர்டர் நல்லா வெளங்குச்சுங்க. நாளைக்கு மஸ்டர் முடிஞ்சதும் மருதாயிய இவங்கூட அனுப்பிச்சுப்போடறமுங்க.”

“என்ன ஆர்டர்?”

“நேத்து நீங்கதானுங்களே வாசிச்சீங்க. மூணு நாள்ல அழுகை நின்னுபோகும், அப்பறம் தூக்கிட்டுப் போனவங்கூடத்தான் இருக்கோணும்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அது படம், மேஸ்திரி. யாரோ எழுதின கதை.”

“கதைன்னாக் கோயல்ல சொல்லுவாங்க. மஸ்டர் கல்லுல எதுக்குங்க சொல்றாங்க? கொழல்ல வேற சொன்னீங்க. தொரையும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தாருங்களே.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. கூலிக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்க இதே பேச்சுதான் என்று பிறகு தெரிந்தது. இத்தனை வருஷம் கல்லையும் குழலையும் காட்டி அவர்களைப் பழக்கியது நாங்கள். மருதாயி விஷயம் துரை காதுக்குப் போய், அவர் படம் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? மேஸ்திரி நிஜமாகவே அப்படி நம்பினாரா, நம்புகிற மாதிரி நடித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரரைத் துரையிடம் அனுப்பினேன். கூலிக்காரர்களின் குடும்ப விவகாரத்தில் தலையிடுவது தன் வழக்கமில்லை, எல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று துரை சொல்லிவிட்டாராம். முந்தின நாள் அதே குடும்ப விவகாரத்தைத் திரையில் பார்த்துக் கண்ணைத் துடைத்த மனுஷர்.

வேறு வழி தெரியாமல் மேஸ்திரியிடம், “ஆர்டர் இன்னும் முடியலை. பாதிதான் வாசிச்சிருக்கு. மிச்சம் இன்னைக்குச் சாயங்காலம் வரும். அதைக் கேட்டுட்டுத்தான் நீங்க எதுவும் செய்யணும்” என்று அதட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ரொம்பச் சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. கால் மணி நேரம்கூட அது நிலைக்கவில்லை. இந்த மாதிரிப் படங்கள் எப்படி முடியும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பெண்ணின் தலையெழுத்தைக் கொண்டுபோய் கண்ணுக்கு மை பூசின அந்தத் தலைவன் கையில் கொடுத்திருந்தேன்.

மத்தியானம் மருதாயி விறகோடு வந்தாள். “அந்தம்மா கடைசில அவங்க ஊட்டுக்குப் போயிருவாங்களா டீச்சரம்மா?”

“தெரியலை மருதாயி” என்றேன். பொய் சொன்னேன்.

மிச்சம் என்னங்க?

அன்று சாயங்காலம் பனி இல்லை. வேண்டுமென்றே விலகி நின்ற மாதிரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கல்லின்மேல் நான். கூட்டத்தின் முன்வரிசையில் மேஸ்திரியும் சென்னியப்பனும். பெண்கள் பக்கத்தில் மருதாயி.

அட்டையில் இருப்பதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சீமாட்டி வாயைத் திறந்ததும் அட்டை வந்தது. நீங்கள்தான் என் எஜமானர் என்று எழுதியிருந்தது. நான் குழலில் சொன்னேன்: “என்னை என் ஊருக்கு அனுப்பிவிடு!”

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் புண்ணியவதி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேஸ்திரி எழுந்து நின்றார். “வாய் ஒண்ணு சொல்லுது, கை வேற சொல்லுதுங்களே டீச்சரம்மா. எழுதியிருக்கறத வாசிங்க.”

சென்னியப்பன் திரும்பி மருதாயியைப் பார்த்துச் சிரித்தான். துரையும் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திரையில் சீமாட்டி மறுபடி பேச ஆரம்பித்தாள். பேசுகிறாள், பேசுகிறாள், நெஞ்சில் கை வைத்து, வானத்தைப் பார்த்து, மூச்சு விடாமல் பேசுகிறாள். பிறகு ஓர் அட்டை. அதில் ஒரே வரி. அதையும் நான் வாசிக்கவில்லை. அட்டை போய்விட்டது, அவள் திரும்பவும் வாயசைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மருதாயி எழுந்தாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, அந்தம்மா இத்தன நேரம் பேசறாங்க. அட்டைல ஒரு வரிதான் வருது. மிச்சம் என்னங்க?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அந்தக் கேள்வி முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை. “தெரியலை மருதாயி. எழுதினவன் அதை எழுதலை.”

“அப்ப நாஞ் சொல்றனுங்க.”

பெண்கள் கம்பளியை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். அவள் நேராக வந்து கல்லில் ஏறினாள். நான் குழலை நீட்டினேன். கொடுத்தேனா, அவள் பிடுங்கினாளா என்று சத்தியமாக ஞாபகமில்லை. இறங்கிக் கீழே நின்றேன். திரையில் சீமாட்டியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மருதாயி அதைப் பார்த்தபடியே குழலில் பேசினாள்.

“என்னைத் தூக்கிட்டு வந்தான். கதறினேன், ஒருத்தரும் வரலை. மூணு நாள் அழுதேன். அப்பறம் நின்னுபோச்சு. தொண்டைல தண்ணி இல்லாம எத்தன நாளைக்கு அழுகறது? அழுகை நின்னதும் இவனுக்கு ஒரே சந்தோசம், எனக்கு மனசு மாறிப்போச்சுன்னு.”

எங்கோ ஒரு குழந்தை இருமியது.

“நாலாம் நாள் நாங் கண்ணாடி பாக்கலை. கதவப் பாத்தேன். எப்படா தொறக்கும்னு பாத்தேன். தாய்மாமன்னாச் சீர் கொண்டாரோணும். சபைல நின்னு எனக்காகப் பேசோணும். தூக்கிட்டுப் போயிப் பூட்டறவன் எனக்கு மாமனில்லை. நான் இவங்கூடப் போகமாட்டேன். என்னைக் கட்டித் தூக்குனாலும் நாலாம் நாள் திரும்பி வருவேன்.”

திரையில் இரண்டு பேரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மெஷின் வெளிச்சம் முன்வரிசையில் பட்டது. சென்னியப்பன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் ரைட்டரிடம் குனிந்து, அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் துரையிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. அன்றைக்குக் கட்டின தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“மிச்சத்தை வாசிக்கிறாள், சார்.”

துரை “ஆல்ரைட்” என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைக் களம் முழுவதும் பார்த்தது. துரை பக்கத்தில் இருக்க, கல்லில் நின்று, குழலில் சொன்னது. மேஸ்திரியின் கணக்குப்படி இதுவும் ஆர்டர்தான். சென்னியப்பன் மறுநாள் மஸ்டருக்கு முன்பே தனியாக மலை இறங்கிவிட்டான்.

பைக்காராவுக்குப் போனவள்

இதோடு சுபம் போட்டுவிட்டால் நானும் அந்தப் படக்காரர்களும் ஒன்றாகிவிடுவோம். தேயிலை விலை மருதாயிக்காக ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் பேரும் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் என் வீட்டுக்காரர். அன்று அவர் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

பைக்காராவில் மின்சாரத்துக்காகக் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தாள். கீழே இறங்கவில்லை, இன்னும் மேலேதான் போகிறாள். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு சட்டி. கடைசியாக ஒரு சுமை விறகும் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

ஈரோட்டு அன்பரே, மௌனத்தின் அழகைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஒருத்தி என்ன சொன்னாள் என்று எவனோ ஒருவன் அட்டையில் எழுதுகிறான். அதில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை. கோபம்தான் வருகிறது, இத்தனை வருஷம் கழித்தும்.

படி இறங்கப் போன மருதாயி திரும்பி நின்றாள்.

“டீச்சரம்மா, அன்னைக்கு நீங்க வாசிக்காம உட்டீங்களே, அந்தக் கடைசி அட்டைல என்னங்க எழுதியிருந்துச்சு?”

சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். “இனிமேல் உன் கூடாரமே என் உலகம்.”

மருதாயி மூட்டையைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“நல்ல வேளைங்க டீச்சரம்மா” என்றாள். “சத்தமில்லாத படமாப் போச்சு.”